அத்தை பின்னிய மங்கி குல்லாவும் அமெரிக்க ராணுவமும்

போன இதழில், அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய குளிர் சாமான் எதையும் அனுப்புவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அது வினையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குல்லா, கையுறை, மஃப்ளர்தான். அந்த ராணுவத்தில் சப்ளை சார்ஜென்டாக இருந்து, இந்தச் சாமான்களை எண்ணி எண்ணிக் கொடுத்து வாங்கியே வயதானவன் என்பதால் இந்த முறை மொத்த இடத்தையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் அண்ணன் மகன் அலாஸ்காவில் ஃபோர்ட் வெயின்ரைட் முகாமில் இருக்கிறான். குளிர் மைனஸ் 40 வரை போகும் என்றான். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்டேன், சிரிக்கிறான். அவனுக்காகப் பச்சை உல்லனில் மங்கி குல்லாவும் மஃப்ளரும் பின்னி வைத்திருக்கிறேன். யூனிஃபார்மோடு போட முடியாது அத்தை என்கிறான். நிஜமாகவே முடியாதா, இல்லை அத்தை பின்னியதைப் போட வெட்கமா?

பதில்: சிரித்ததற்குக் காரணம், மைனஸ் 40 இரண்டு அளவிலும் ஒன்றுதான். அந்த ஒரு புள்ளியில் மட்டும் இரண்டும் சந்திக்கும். வெட்கமும் கொஞ்சம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை.

அமெரிக்க ராணுவத்தின் சீருடை விதிப்புத்தகத்துக்கு ஏஆர் 670-1 என்று பேர். கூடவே எப்படிப் போடுவது, எங்கே மடிப்பது என்று சொல்லும் கையேடு ஒன்றும் உண்டு. இரண்டும் 2021 ஜனவரியில் புதிதாக வெளியானவை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் புத்தகம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். எதையெல்லாம் போடக்கூடாது என்று எழுதிவிட்டு மற்றதையெல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு விடுகிற புத்தகம் இல்லை அது. எதைப் போடலாம் என்று சொல்லியிருக்கிறதோ அதுதான் சீருடை. "மங்கி குல்லா கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே" என்று உங்கள் மருமகன் வாதாடினால் சார்ஜென்ட் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு "கூடும்னு எங்கே எழுதியிருக்கு?" என்பார். அத்தோடு முடிந்தது.

குல்லாவே கூடாதா என்றால், உண்டு. ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியில் ஒரு குல்லா அவர்களே கொடுப்பார்கள். அதையும் நினைத்த இடத்தில் போட முடியாது. களத்திலோ, வேலை நடக்கிற இடத்திலோ, வழக்கமான தொப்பி சரிப்படாத இடத்திலோ கமாண்டர் சரி என்றால் போடலாம். போடும் விதத்துக்கும் விதி இருக்கிறது: தலையோடு ஒட்டி இழுத்துவிட வேண்டும், காது முழுதுமோ கொஞ்சமாவதோ மூடியிருக்க வேண்டும், விளிம்பைச் சுருட்டி மடிக்கக்கூடாது. இளவட்டங்கள் உச்சந்தலையில் நிற்க வைத்துக்கொண்டு திரிவார்களே, அந்த ஸ்டைலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மஃப்ளர் கதையும் இதேதான். அலுவலக உடைக்கு மேல் போடும் கோட்டோடு கருப்பு ஸ்கார்ஃப் சேர்த்துக்கொள்ளலாம், நீளவாக்கில் இரண்டாக மடித்து, கழுத்தில் குறுக்கே போட்டு, இரண்டு முனையும் கோட்டுக்குள் போய்விட வேண்டும். பச்சை கிடையாது, தொங்கவிடுவது கிடையாது. களத்து உடைக்குப் பின்னல் மஃப்ளர் சரிப்படவும் படாது. தொங்குகிற எதுவும் வண்டியிலோ இயந்திரத்திலோ மாட்டும்.

ஆனால் ஒன்று, நீங்கள் பின்னியதைக் கிண்டல் செய்ய ராணுவத்துக்கு யோக்கியதை இல்லை. மங்கி குல்லாவுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பலக்ளவா என்ற பெயரே 1854-ல் கிரிமியப் போர் நடந்த ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் போரில் குளிருக்கு வழியில்லாமல் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து கம்பளிப் பின்னல்கள் போயின. இரண்டு உலகப் போர்களிலும் செஞ்சிலுவைச் சங்கம் அமெரிக்கப் பெண்களுக்கு அளவும் மாதிரியும் கொடுத்துப் பின்ன வைத்தது, இரண்டாவது போரில் தரைப்படைக்கு ஆலிவ் பச்சை, கடற்படைக்குக் கருநீலம் என்று நிறமும் சொன்னது. உங்கள் பச்சை அந்தக் காலத்தில் செல்லுபடியாகியிருக்கும், ஒரு எண்பது வருடம் தாமதம், அவ்வளவுதான்.

அதனால் அனுப்புங்கள். சீருடை இல்லாத நேரத்தில் அவன் ஊருக்குள் போகும்போது போடலாம். இன்னொரு இடமும் இருக்கிறது, சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்: தூங்கும்போது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கினால் மூச்சிலுள்ள ஈரம் உள்ளேயே தங்கி, விடியற்காலையில் பை நனைந்து குளிரும். முகத்தை வெளியே வைத்து, தலைக்குக் கம்பளிக் குல்லா போட்டுத் தூங்க வேண்டும். கம்பளி ஈரத்தை உறிஞ்சினாலும் சட்டென்று சில்லிட்டுப் போகாது. அங்கே இருட்டில் என்ன நிறம் என்று யார் பார்க்கப் போகிறார்கள். களப் பயிற்சிக்கு எடுத்துப் போகலாமா என்று மட்டும் அவனுடைய சார்ஜென்டிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: தம்பிக்கு விலையுயர்ந்த பனிச்சறுக்குக் கையுறை வாங்கி அனுப்பினேன், கருப்புதான், ஓரத்தில் சின்னதாக வெள்ளையில் கம்பெனி முத்திரை. போட்ட முதல் நாளே கழற்றச் சொல்லிவிட்டார்களாம். ராணுவம் கொடுத்ததை விட இது சூடு என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அப்புறம் ஏன்?

பதில்: முத்திரை ஒரு காரணம், அது கண்ணில் படுகிற காரணம். சீருடையில் விளம்பரம் தெரியக்கூடாது என்பதில் அவர்கள் பிடிவாதம். தோளில் மாட்டும் பைகூட கருப்பாகவோ சீருடையின் திட்டுத்திட்டான அச்சிலோ இருக்க வேண்டும், வேறு நிறமோ முத்திரையோ கூடாது.

கண்ணில் படாத காரணம் பெட்ரோல். வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவது, துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்வது, சங்கிலியைப் பிடித்து இழுப்பது, இதெல்லாம் பனிச்சறுக்கில் கிடையாது. மைனஸ் 40-லும் பெட்ரோல் உறையாமல் நீராகவே இருக்கும், ஆனால் அந்தக் குளிர் முழுதும் அதில் இருக்கும். கையில் பட்டால் உடனே ஆவியாகத் தொடங்கி, மிச்சமிருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். தோல் விறைத்து வெளுத்துப் போக நிமிடக் கணக்கு வேண்டாம். எங்கள் முகாமில் ஒரு பையன் உங்கள் தம்பி போலவே பஞ்சு வைத்த நல்ல கையுறையோடு ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றினான். பஞ்சு முழுவதும் குடித்துவிட்டது. கழற்றி எறிவதற்குள் இரண்டு விரல் நுனியில் உணர்ச்சி போய், மருத்துவரிடம் கூட்டிப்போனோம். விரல் பிழைத்தது. எண்ணெய் வேலைக்கென்றே தனிக் கையுறை கொடுத்திருந்தோம், அது அவனுடைய பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்று நான் அவனைத் திட்டிய திட்டு இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

ராணுவக் கையுறை தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். மேலே தோல் உறை, உள்ளே கம்பளி, இரண்டும் தனித்தனி. உள்ளே இருப்பது நனைந்தால் அதை மட்டும் மாற்றி உலர்த்தலாம். கடும் குளிருக்கு விரல் பிரியாத பெரிய கையுறை, காற்றில் பறந்துவிடாதபடி கழுத்தைச் சுற்றி வாரோடு வரும். குழந்தைக்கு மாட்டுவது போல இருக்கும். போட்டுப் பழகியவன் கிண்டல் செய்யமாட்டான்.

உங்கள் தம்பியின் கையுறை வீணாகாது. காலை உடற்பயிற்சி நேரத்துக்கு விதி கொஞ்சம் இளகும். கடையில் வாங்கிய ஓடும் ஷூ, கையுறை, உள்ளே போடும் நீள உடுப்பு, பருவத்துக்குத் தேவையான மற்றவை என்று கமாண்டர் அனுமதிக்கலாம் என்று புத்தகமே சொல்கிறது. ஓட்டத்துக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரை மேல் கருப்பு மார்க்கர் பேனாவால் ஒரு தீட்டு தீட்டிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: பாக்கெட்டில் கைவிடக்கூடாது என்றும் விதியாமே? குளிரில்கூடவா?

பதில்: குளிரில்கூடத்தான். ஏதாவது எடுக்கவோ வைக்கவோ ஒரு நொடி விடலாம், சும்மா விட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. விமானப்படை 2022-ல் இதைக் கைவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. தரைப்படைப் புத்தகத்தில் இருந்த வரிகளிலேயே எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான்.

கேள்வி: வெளியே தெரிவதற்குத்தானே இவ்வளவு கெடுபிடி. உள்ளே என்ன போட்டால் யாருக்குத் தெரியும்? மகனுக்கு விளையாட்டு வீரர்கள் போடும் உடம்போடு ஒட்டிய தெர்மல் நான்கு செட் அனுப்பலாம் என்றிருக்கிறேன். நூறு சதவீதம் பாலியஸ்டர், வேர்வை தங்காது, மடித்தால் கைக்குட்டை அளவு.

பதில்: இன்று வந்த கடிதங்களில் நிறுத்திவைத்துப் பேச வேண்டியது இதுதான். நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி, உள்ளே இருப்பதை யாரும் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பச்சைக் குல்லா போட்டால் திட்டு விழும், அவ்வளவுதான். உள்ளே போடுகிற பாலியஸ்டர் அப்படியில்லை.

பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்தியும் கம்பளியும் உருகுவதில்லை, பருத்தி எரியும், கம்பளி கருகி, நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். உருகுகிற பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதை உரித்தெடுக்கும்போது தோலும் கூட வரும், தீக்காயம் இன்னும் ஆழமாகும். ஈராக்கில் சாலையோரக் குண்டுகளில் வண்டி தீப்பிடித்து இப்படிக் காயம் பட்ட பிறகு, 2006-ல் மரைன் படையினர் முகாமை விட்டு வெளியே போகும்போது பாலியஸ்டர், நைலான் உள்ளாடைகள் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவையெல்லாம் அப்போது சிப்பாய்கள் ஆசை ஆசையாகச் சொந்தக் காசில் வாங்கியவை, நீங்கள் சொல்லும் அதே ஒட்டுகிற, வேர்வை தங்காத ரகம்.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் ராணுவமே கொடுக்கும் மெல்லிய தெர்மலில் பாலியஸ்டர் இல்லையா" என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதுவார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. குளிர் மட்டுமே எதிரியாக இருக்கும் இடத்துக்கு அது பொருத்தம்தான். வண்டிக்குள்ளும் விமானத்திலும் தீ அபாயத்தோடு இருப்பவர்களுக்குத் தீப்பிடிக்காத துணியில் தனி உடுப்பு கொடுப்பார்கள். எந்த நாளில் எதைப் போடுவது என்பதை வேலையைத் தெரிந்தவர் முடிவு செய்கிறார். வீட்டிலிருந்து வந்த பார்சலுக்கு அந்த வேலை தெரியாது. உங்கள் மகன் டாங்கிப் பிரிவிலோ வண்டிப் பிரிவிலோ இருந்தால் அந்த நான்கு செட்டை அனுப்பாதீர்கள். மெரினோ என்ற ஆட்டின் கம்பளியில் மெல்லிய பனியன் கிடைக்கிறது, விலை அதிகம், இரண்டு போதும். நிறம் வெளியே எட்டிப் பார்க்காதபடி கழுத்து தாழ்வாக இருக்கட்டும்.

சாக்ஸும் வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லா அப்பாவும் வாங்குவார்கள். ரொம்பத் தடியாக வாங்காதீர்கள். பூட்ஸுக்குள் இறுகினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத கால் மூன்று சாக்ஸ் போட்டாலும் விறைக்கும். தடி சாக்ஸை விட ஓர் உலர்ந்த மாற்று ஜோடி மேல்.

கேள்வி: ஒரு மனிதன் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்கும்போது நிறம், மடிப்பு, முத்திரை என்று பார்ப்பது மனிதத்தன்மையா? எல்லாரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற வறட்டு கௌரவம்தானே? (கல்லூரி மாணவர், கோபத்தோடு)

பதில்: பாதி கௌரவம்தான், ஒப்புக்கொள்கிறேன். விரல் விரலாகப் பிரிந்த ஓடும் ஷூவை 2011-ல் தரைப்படை தடை செய்தது, காலுக்குக் கெடுதல் என்று அல்ல, பார்க்க ராணுவக் களை இல்லை என்று. மரைன் படையில் ஆண்கள் சீருடையில் குடை பிடிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பெண்கள் அதற்கு முன்பே பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

மற்ற பாதியைக் கேளுங்கள். அமெரிக்கத் தரைப்படை கொடுத்துவந்த குளிர் உடுப்பு ஏழு அடுக்கு: உடம்போடு ஒட்டும் மெல்லியது, கொஞ்சம் தடித்தது, ஃப்ளீஸ், காற்றுத் தடுப்பு, மென்மையான மேல்சட்டை, மழைக்கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே பொதிபொதியென்று பார்க்கா என்ற கனத்த கோட்டு. ஏழையும் ஒன்றாகப் போடுவதற்கில்லை. நடக்கும்போது கழற்ற வேண்டும், நிற்கும்போது போட வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் சிப்பாய்க்குப் பெரிய எதிரி அவனுடைய வேர்வையேதான். 1950 குளிர்காலத்தில் கொரியாவில் சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்கர்கள் மாட்டிக்கொண்டபோது காலில் இருந்தது ரப்பர் அடியுள்ள பனி பூட்ஸ். நடக்கும்போது உள்ளே வேர்த்தது, நின்றதும் அந்த வேர்வையே உறைந்தது. குளிரில் சதை விறைத்துச் செத்துக் கால் போனவர்கள் ஏராளம். அந்த பூட்ஸும் ராணுவம் கொடுத்ததுதான் என்று நீங்கள் மடக்கலாம், மடக்குங்கள், சரிதான். அதற்குப் பிறகுதான் வேர்வை பஞ்சுக்குள் போகாமல், இரண்டு ரப்பர் சுவருக்கு நடுவே பஞ்சை அடைத்து மூடிய குண்டு பூட்ஸ் வந்தது. பொதுவாகக் கொடுக்கும் சாமானில் தப்பு இருந்தால் எல்லோருடைய காலிலும் அந்தத் தப்பு தெரியும், மாற்றவும் செய்வார்கள். ஆளுக்கொன்று வாங்கிப் போட்டிருந்தால் எது தப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது.

கொடுக்கவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1941 டிசம்பரில் மாஸ்கோ வாசலில் ஜெர்மன் படை கோடை உடுப்போடு நின்றது, பெர்லினில் கோயபல்ஸ் வானொலியில் பொதுமக்களிடம் கம்பளியும் ரோமக் கோட்டும் கேட்டார். அந்தக் குளிர்காலத்துக்காகப் பிறகு கொடுத்த பதக்கத்துக்குச் சிப்பாய்கள் வைத்த பேர், உறைந்த கறிப் பதக்கம்.

நிறத்துக்கு வருவோம். இரவில் பார்க்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. சீருடைத் துணிக்குப் போடும் சாயம் அந்த ஒளியிலும் செடி கொடிக்கு நெருக்கமாகத் தெரியும்படி தேர்ந்தெடுத்தது. கடைத் துணியின் சாயத்துக்கு அந்தக் கவலை இல்லை. பகலில் கரிக்கட்டையாக இருக்கும் கருப்பு ஜாக்கெட் அந்தக் கருவியில் வெள்ளையாகப் பளபளக்கக்கூடும். நான் ஒருமுறை கருவியை மாட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்தேன், பத்துப் பேர் மங்கலாக நிற்க நடுவில் ஒருவன் கழுத்தில் மட்டும் ட்யூப்லைட் கட்டியது போல இருந்தது. சொந்தக் காசில் வாங்கிய கழுத்துப் பட்டை. இதனால்தான் வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் சீருடையைத் துவைக்காதே என்றும் சொல்வார்கள்.

கேள்வி: பேட்டரியில் சூடாகும் சாக்ஸ் அனுப்பலாமா? கையைச் சூடாக்கும் பொட்டலம்?

பதில்: பேட்டரி சாக்ஸ் வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், அதை நம்பி மெல்லிய பூட்ஸ் போட்டவன் நடுவழியில் மாட்டுவான். பொட்டலம் தாராளமாக அனுப்பலாம், பாக்கெட்டில் கிடப்பதைச் சீருடை விதி பார்க்காது. உள்ளே இரும்புத்தூள், காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. அதனால் காற்றுப் புகாத பூட்ஸுக்குள் வைத்தால் ஒழுங்காக வேலை செய்யாது. நேராகத் தோலில் வைத்துக் கட்டினால் கொப்பளிக்கும், விறைத்த விரலுக்கு அது சுடுவதும் தெரியாது. பாக்கெட்டில் பொட்டலம் இருக்கலாம், பாக்கெட்டில் கை இருக்கக்கூடாது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

கேள்வி: என் மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது அவருடைய ராணுவ ஃப்ளீஸ் ஜாக்கெட்டை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர்ப்பட்டை எதுவும் இல்லை. நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பட்டை, பதவிக்குறி எதுவும் இல்லாத ஃப்ளீஸைப் போட்டு நடந்தால் உங்களை யாரும் சிப்பாய் என்று நினைக்கப் போவதில்லை, அதில் பயம் வேண்டாம். எனக்கு வேறு சந்தேகம். குளிர் உடுப்பில் பெரும்பகுதி சிப்பாய்க்குச் சொந்தமில்லை, கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்குவது. முகாம் மாறும்போதோ வேலையை விடும்போதோ ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அப்படி எத்தனையோ ஜாக்கெட்டுக்கு நானே பில் போட்டிருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கியதா, கையெழுத்துப் போட்டதா என்று மாப்பிள்ளையிடம் நாசூக்காகக் கேளுங்கள். கையெழுத்து என்றால் துவைத்து மடித்து எடுத்து வையுங்கள், ஒரு நாள் அவசரமாகப் போன் வரும்.